நெய்தவர் பெயர் எங்கே?

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வாள் இருந்தால் அதை ஏந்திய மன்னன் பெயர் எழுதியிருக்கும். ஓவியம் இருந்தால் தீட்டியவர் பெயர் இருக்கும். நாணயம் இருந்தால் வெளியிட்ட அரசன் பெயர் இருக்கும். துணி இருந்தால்? 'பருத்தி, தென்னிந்தியா, 19-ஆம் நூற்றாண்டு' என்று ஒரு சிறு அட்டை இருக்கும். பெரும்பாலும் அவ்வளவுதான். துணி ஏதோ மரத்திலிருந்து உதிர்ந்தது போல நாமும் அதை ஒரு கண் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறோம்.

இப்பழக்கம் நல்லதன்று என்பது என் கருத்து. துணியைக் காப்பவர்கள் நெய்தவர் பெயரையும் காக்க வேண்டும். அந்தப் பெயரோடு அவருடைய வேலையின் விவரத்தையும் காக்க வேண்டும். இந்த வேலைக்கு அரசாங்கத்தின் ஆணையும் வேண்டியதில்லை, பெரிய கட்டடமும் வேண்டியதில்லை. மாணவர்களே தொடங்கலாம். எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களானால், நான் பிறந்த நகரியில் தொடங்குவோம் என்பேன்.

நகரியை அறியாத நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் அது. அங்கே வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்தவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். ஊரின் பிழைப்பு நெசவு. ஊருக்கருகே ஒரு மலை உண்டு. கடலில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாக இருந்தது. அதன் உச்சி மூக்குப் போலத் தோன்றுவதால் வெள்ளைக்கார மாலுமிகள் அதற்கு 'நகரி மூக்கு' என்று பெயரிட்டுத் தம் கடற்படங்களில் குறித்துக்கொண்டார்கள். மலைக்குப் பெயர் கிடைத்தது. மலையடிவாரத்தில் நெய்தவர்களின் பெயரை எவரும் குறித்ததாகத் தெரியவில்லை.

நான் இப்போது ஸ்காத்லாந்தில் வேதியியல் முதுகலை மாணவன். சாயங்களும் இழைகளும் என் பாடம். சென்ற கோடை விடுமுறையில் வடகடலில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளுக்குப் போனேன். அவற்றின் தலைநகரான லெர்விக்கில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2007-இல் திறக்கப்பட்ட கட்டடம். அங்கே தீவுப் பெண்கள் கையால் பின்னிய கம்பளி உடைகளையும் லேசுச் சால்வைகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தறியோசையில் வளர்ந்த எனக்கு அவை புதுமையாக இருந்தன. ஆகவே அவற்றைச் சிறிது விளக்குகிறேன்.

தறியில் பாவு, ஊடை என இரண்டு நூல்கள் உண்டு. பாவு நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஊடை நாடாவிலிருந்து குறுக்கே ஓடும். பின்னலில் இப்படி இரண்டில்லை. ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக நுழைந்து வரிசை வரிசையாக ஏறிக்கொண்டே போகும். தறி வேண்டாம், குழி வேண்டாம், பாவு ஓட நீண்ட தெரு வேண்டாம். இரண்டு மூன்று ஊசிகள் போதும். இடுப்பில் தோல் வார் ஒன்றைக் கட்டி, அதிலுள்ள துளையில் ஊசியின் ஒரு முனையைச் செருகிக்கொண்டு, முதுகில் எரிகரிக் கூடையைச் சுமந்தபடியே நடந்து நடந்து பின்னினார்கள் அந்தப் பெண்கள். ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு என்று இதைச் சொல்ல முடியுமா?

அவர்களுடைய பின்னலில் இரண்டு வகை புகழ் பெற்றவை. ஒன்று 'ஃபேர் ஐல்' என்னும் சின்னஞ்சிறு தீவின் பெயரால் வழங்கும் பலநிறப் பின்னல். உடையில் எத்தனை நிறங்கள் இருந்தாலும், ஒரு வரிசையில் இரண்டு நிற நூல்களுக்கு மேல் எடுப்பதில்லை என்பது அதன் மரபு. முன்புறம் தெரியாத நூல் பின்புறமாகத் தொடர்ந்து வரும். அதனால் உடை இரட்டைக் கனம் பெற்றுக் குளிரைத் தாங்கும். அழகும் பயனும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. மற்றொன்று லேசுப் பின்னல். ஊசியில் நூலை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றினால் ஒரு துளை விழும். பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் எண்ணிக்கை சரியாகிவிடும். இந்தச் சிறு கூட்டல் கழித்தலை வைத்துக்கொண்டு ஆளுயரச் சால்வையைப் பின்னுகிறார்கள். நூல் அவ்வளவு மெல்லியது. முழுச் சால்வையையும் ஒரு மோதிரத்தின் வழியே இழுத்துவிடலாம். கோலங்களின் பெயர்களைக் கேட்டால் நம் நெசவாளருக்கு அந்நியமாக இராது. 'பூனைப் பாதம்', 'அலைத் தடம்', 'பறவைக் கண்' என்பவை அப்பெயர்கள். நம்மவர் 'மயில்கண்' என்றும் 'ருத்திராட்சக் கரை' என்றும் சொல்லவில்லையா? கையால் வேலை செய்கிறவர்கள் எந்த நாட்டிலும் கண்முன் உள்ளதைப் பார்த்தே பெயர் வைக்கிறார்கள்.

துணியைக் காப்பதற்கு அறிவியல் முறைகள் உண்டு. பின்னல் உடையைச் சட்டத்தில் நெடுநாள் தொங்கவிடக் கூடாது. தன் எடையாலேயே கண்ணிகள் நீண்டு வடிவம் கெட்டுவிடும். ஆகவே படுக்கையாக வைக்கிறார்கள். ஒளி சாயத்துக்குப் பகை. சாய மூலக்கூற்றில் நிறத்தைத் தரும் பிணைப்புகளை ஒளியின் ஆற்றல் உடைத்துவிடுகிறது. உடைந்தது உடைந்ததுதான், இருட்டில் வைத்தாலும் திரும்பாது. இதனால்தான் துணி வைத்திருக்கும் கூடங்களில் ஒளியை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்து வைப்பது வழக்கமாயிற்று. கம்பளியை அந்துப்பூச்சி தின்னும். கஞ்சி போட்ட பருத்தியை வெள்ளிப்பூச்சி தின்னும். இவையெல்லாம் நூலில் படித்து அறியக்கூடியவை.

என்னை நிறுத்தியது வேறொன்று. பின்னியவர் பெயர் தெரிந்த உடைகளுக்கு அப்பெயரும் ஊரும் சேர்த்தே காக்கப்படுகின்றன. பெயர் தெரியாதவையும் அங்கே உண்டு. எல்லாம் தெரிந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆயினும் பெயரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறது. அந்த நினைப்பே பெரிது. உடை கொடுக்க வருகிறவரிடம் 'இது என்ன விலை?' என்று கேளாமல் 'இதை யார் பின்னியது?' என்று கேட்கிறார்கள்.

செல்வம் மிகுந்த நாட்டார். ஆகவே பழந்துணியைக் கொண்டாடுகிறார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பெண்களின் கதை செல்வக் கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷெட்லாந்து வணிகர்கள் பின்னலுக்குப் பெரும்பாலும் காசு கொடுக்கவில்லை. தேயிலையும் துணியும் கடைச் சரக்குமே கூலி. மாவு வாங்கக் காசு வேண்டுமென்றால், கூலியாகப் பெற்ற தேயிலையை யாரிடமாவது குறைந்த விலைக்கு மாற்ற வேண்டும். இம்முறையை விசாரிக்க அரசாங்கம் ஓர் ஆணையத்தை அனுப்பியது. 1872-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. பின்னல்காரப் பெண்கள் பலர் ஆணையத்தின் முன் வந்து, தம் பெயரைச் சொல்லி, தமக்கு என்ன கிடைத்தது என்று சாட்சியம் கூறினார்கள். அச்சாட்சியங்கள் அச்சாயின. சால்வையை வாங்கி அணிந்த சீமாட்டிகளின் காலத்தில், பின்னியவர்களின் பெயர்கள் கூலி வழக்கின் ஏட்டில் இவ்வாறு பதிவாயின. 1922-இல் இளவரசர் எட்வர்டு ஃபேர் ஐல் மேலுடை அணிந்து கோல்ஃப் ஆடியபோது அவ்வுடை உலகெங்கும் நாகரிகமாயிற்று. அது மீனவர் குடிசைகளிலிருந்து வந்த உடை என்பதை நாம் மறக்கலாகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் துணிகளைச் சேர்த்தவர்கள் இல்லாமலில்லை. இலண்டனில் இருந்த இந்திய அருங்காட்சியகத்தைச் சார்ந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார் 1866-இல் ஒரு பெரிய வேலையை முடித்தார். இந்தியத் துணிகள் 700-ஐத் தேர்ந்து, துண்டு துண்டாக வெட்டி, 18 தொகுதிகளில் ஒட்டினார். அப்படி 20 படிகள் செய்தார். 13 படிகள் பிரிட்டனுக்கு; 7 படிகள் இந்தியாவுக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம், எடை, விலை, வாங்கிய ஊர் என்று குறிப்புகள் உண்டு. அருமையான உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் நோக்கம் என்ன? இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்பதைப் பிரிட்டிஷ் ஆலை முதலாளிகள் கண்டுகொண்டு, அதே போன்ற துணியை ஆலையில் நெய்து இங்கே அனுப்ப வேண்டும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்துக்கு நெய்தவர் பெயர் எதற்கு? எடையும் விலையும் போதுமே! துணியின் உடல் அங்கே இருக்கிறது, நெய்தவருக்கு இடமில்லை.

லேசுக்கும் இதே கதிதான். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்னும் அம்மையார் சிறுமிகளுக்கு லேசுப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். அதை விற்ற பணத்தால் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்களும் உண்டு. கற்றுக்கொடுத்தவர் பெயர் வரலாற்றில் நின்றது. கற்றுக்கொண்டு, விரல் நோவப் பின்னி, விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் நரசாபுரம் உள்ளது. அங்கே பெண்கள் கொக்கியூசியால் லேசு பின்னி உலகச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலார் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்கள் தொழிலாளராக எண்ணப்படவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்' என்றே எண்ணப்பட்டார்கள். ஏற்றுமதி செய்தவர் வணிகர். பின்னியவர் வெறும் குடும்பப் பெண். இந்த எண்ணமே கூலியைக் குறைத்து வைத்தது என்பது அவர் கண்ட முடிவு. 2024-இல் நரசாபுர லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஊசி பிடித்தவருக்கு எப்போது?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நரசாபுரம் விடை சொல்கிறது. பெயர் எழுதப்படாத வேலை, வேலையாக எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத வேலைக்குக் கூலியும் உரிமையும் கேட்க முடிவதில்லை. அருங்காட்சியகத்தின் சிறு அட்டைக்கும் கூலிப் புத்தகத்துக்கும் உள்ள உறவு இதுதான்.

நகரியில் நிலைமை என்ன? என் தாத்தா குழித்தறியில் நெய்தார். அவர் நெய்த துணி ஒரு முழங்கூட எங்கள் வீட்டில் இல்லை. இது வியப்பன்று. நெசவாளி தான் உடுத்த நெய்வதில்லை, விற்க நெய்கிறான். பாவு முதலாளியுடையது, நூல் முதலாளியுடையது, நெய்து முடித்த துணியும் முதலாளியுடையது. கூலி மட்டுமே நெய்தவனுடையது. துணி ஊரைவிட்டுப் போயிற்று. எங்கோ எவரோ உடுத்திக் கிழித்திருப்பார்கள். பிறகு எங்கள் தெருவிலும் விசைத்தறி வந்தது. குழிகளை மூடிச் சிமெண்டுத் தரை போட்டார்கள். இதற்காக நான் விசைத்தறியைப் பழிக்கவில்லை. அது இல்லையேல் எங்கள் தெருப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் கண்டிருக்க மாட்டார்கள்.

தாத்தாவின் பெயராவது கூலி வாங்கிய கணக்கு நோட்டில் இருந்தது. எங்கள் ஆயாவின் பெயர் அதிலும் இல்லை. தார் சுற்றியவர் அவர். சிட்டம் பிரித்தவர் அவர். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது, அறுந்த இழைகளைப் பிணைத்தவர் அவர். கட்டம் போட்ட துணிக்கு எந்த நிறம் எத்தனை இழை என்ற கணக்கு அவர் வாயில் பாட்டுப் போல வரும்: எட்டுச் சிவப்பு, நாலு கறுப்பு, இரண்டு வெள்ளை, மறுபடி நாலு கறுப்பு என்று. லேசுக்காரி கண்ணி எண்ணுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆயினும் 'நெசவாளர்' என்ற சொல்லை உச்சரிக்கும்போது நம் மனக்கண்ணில் தறியில் அமர்ந்த ஆண்மகன் மட்டுமே தோன்றுகிறான். ஆயா எண்பதைக் கடந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த கட்டக் கணக்குகள் எந்தத் தாளிலும் இல்லை.

எல்லைக் கோடும் எங்களுக்கு ஓர் இடையூறு செய்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திரத்தில் நின்றது. அதில் எவர் செய்தது சரி என்ற வழக்கை இங்கே எழுப்ப நான் விரும்பவில்லை. துணிக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டு நெசவைப் பற்றி எழுதுகிறவர்கள் காஞ்சிபுரம், ஆரணி, மதுரை, சேலம் என்று எழுதி எல்லையில் நின்றுவிடுகிறார்கள். ஆந்திர நெசவைப் பற்றி எழுதுகிறவர்கள் வெங்கடகிரி, காளத்தி, மங்களகிரி என்று எழுதுகிறார்கள். இரு சாராருக்கும் நடுவில் நகரி விடுபட்டுப் போகிறது.

இதே பகுதியில் பெயர் நிலைத்த எடுத்துக்காட்டும் உண்டு. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ள காளத்தியில் கலம்காரி வரைகிறார்கள். அக்கலையில் பலர் தம் பெயராலேயே அறியப்படுகிறார்கள். குரப்பச் செட்டியார் 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கலம் பிடித்தவர் கலைஞர், நாடா எறிந்தவர் கூலியாள் என்ற பிரிவை யார் செய்தது? இரண்டும் பருத்தித் துணியின் மேல் நடந்த கைவேலைதானே!

இனி, என் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை நோக்குவோம்.

'நெசவாளிக்கு வேண்டியது கூலி உயர்வு. பழந்துணிக் கூடம் அல்ல' என்பர் சிலர். கூலி உயர்வு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய முடியாது என்பதைத்தான் ஒப்ப முடியவில்லை. வேலை இன்னது, அதற்கு இத்தனை நாள் பிடிக்கும், இத்தனை பேர் கை வேண்டும் என்று எழுதி வைத்திருப்பவன் கூலி கேட்கும்போது கணக்கோடு கேட்கலாம்.

'நகரியில் நெய்தது லுங்கியும் துண்டும். காஞ்சிப் பட்டுப் போல அதில் காக்க என்ன இருக்கிறது?' என்பர் வேறு சிலர். ஃபேர் ஐல் மேலுடையும் பட்டன்று. மீன் பிடிக்கப் போனவன் அணிந்த கம்பளிச் சட்டை. நம் கட்டம் போட்ட துணியே மற்றொரு சான்று. சென்னைப் பகுதியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன கட்டத் துணியை நைஜீரியாவின் கலபாரி இனப் பெண்கள் வாங்கி, ஊசி முனையாலும் கத்தி முனையாலும் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, லேசைப் போன்ற புதிய கோலத்தைப் படைத்தார்கள். அத்துணிகளை இன்று அறிஞர்கள் ஆராய்கிறார்கள், கூடங்களில் காக்கிறார்கள். நாம் உடுத்திக் கிழிப்பதற்கென்று அனுப்பியதில் அவர்கள் கலையைக் கண்டார்கள். எளிய துணி என்பதற்காக அதை இழிவாக எண்ண வேண்டாம்.

'படம் எடுத்து வைத்தால் போதாதா? இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறதே' என்பர் இன்னும் சிலர். அறிவியல் மாணவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். படத்தில் நிறம் தெரியும், சாயம் தெரியாது. ஒரே சிவப்பு மூன்று நான்கு வகைச் சாயங்களால் வரலாம். துணியிலிருந்து மயிரிழை அளவு நூல் கிடைத்தால், நிறப்பிரிகை முறையால் எந்தச் சாயம் என்று காணலாம். இழையோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும் வினைச்சாயங்கள் 1956-இல் விற்பனைக்கு வந்தன. ஆகவே ஒரு துணியில் அச்சாயம் இருந்தால் அது 1956-க்கு முன்பு சாயமிட்டதாக இருக்க முடியாது. நூலின் முறுக்கு இடமா வலமா, நூல் எத்தனையாம் நம்பர், ஓர் அங்குலத்தில் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்பவற்றைத் துணியை வைத்தே உறுதியாக எண்ண முடியும். படம் துணியின் நினைவு, துணியே சான்று.

என்ன செய்யலாம்? என் யோசனை மிக எளியது.

ஒவ்வொரு வீட்டிலும் கேட்போம். கையகலத் துண்டு கிடைத்தாலும் போதும். தொட்டிலுக்குக் கட்டிய பழந்துணியானாலும் சரி. தர விரும்பாதவர்களிடம் பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம். ஒவ்வொரு துணிக்கும் நோட்டில் ஒரு பக்கம். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுத வேண்டும். ஊரார் இரு மொழியிலும் படிக்கட்டும். முதல் வரியில் நெய்தவர் பெயர். அதோடு நின்றுவிடலாகாது. தார் சுற்றியவர் யார், பாவு ஓடியவர் யார், சாயம் தோய்த்தவர் யார் என்று எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். ஷெட்லாந்துச் சால்வையிலுங்கூட நூல் நூற்றவர் ஒருவர், பின்னியவர் ஒருவர், பின்னியதைத் துவைத்துச் சட்டத்தில் விரித்து வடிவப்படுத்தியவர் ஒருவர் என்று பல கைகள் சேர்ந்ததுண்டு. தறித்துணிக்கோ ஒரு தெருவே சேர்ந்து உழைக்கிறது. ஒரு பெயரை மட்டும் எழுதினால் பழைய பிழையையே புதிய மையால் எழுதினவர்கள் ஆவோம்.

பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும். கேட்டு எழுதுவதே முறை.

அடுத்து, கட்டக் கணக்கு. இழை எண்ணிக்கையை முதியவர்கள் வாயால் சொல்லச் சொல்லி எழுத வேண்டும். அவர்கள் குரலையும் பதிவு செய்து வைக்கலாம். அதன்பின் நெய்ய எத்தனை நாள் ஆயிற்று, என்ன கூலி கிடைத்தது, யாருக்கு விற்றது என்பவை.

துணியை வைக்கப் பெரிய செலவு இல்லை. திரும்பத் திரும்ப ஒரே மடிப்பில் மடித்தால் அந்த இடத்தில் இழை முறியும்; ஆகவே தாள் சுற்றிய உருளையில் சுருட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியால் சுற்றுவதே நல்லது. கஞ்சி இருந்தால் நீக்கிவிட்டு வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் கஞ்சியும் நெசவாளியின் வேலையில் ஒரு பகுதி, ஆகவே ஒரு சிறு துண்டையாவது கஞ்சியோடு விட்டுவைக்க வேண்டும். இருட்டான, காற்றோட்டமுள்ள ஓர் அலமாரி. பள்ளியிலோ நூலகத்திலோ ஓர் மூலை. வெயில் படக் கூடாது, அவ்வளவே. சாய ஆராய்ச்சிக்கு வேண்டிய உதவியைத் திருப்பதியில் 1954 முதல் இயங்கும் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்து மாணவர்களிடம் நாம் கேட்கலாம். நகரிக்கு அது அண்டை வீடு போன்றது.

2015 முதல் ஆகஸ்ட் 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று மேடை போட்டுப் பேசுவதும் மாலை போடுவதும் நடக்கின்றன. அடுத்த ஆகஸ்ட் 7-இல் நகரியில் ஒரு மேசை போட்டு, ஒரு நோட்டை விரித்து வைத்து, 'வீட்டில் உள்ள பழந்துணியையும் அதைச் செய்தவர் பெயரையும் கொண்டு வாருங்கள்' என்று அழைப்போமே! பேச்சைக் காட்டிலும் அந்த நோட்டு நெடுநாள் நிற்கும்.

நம் சங்கத்தில் நெசவூர்களிலிருந்து வந்தவர்கள் பலர் உண்டு என்பதை அறிவேன். திருச்செங்கோட்டார் இருக்கிறார், ஆரணியார் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக் கைத்தறிக் கூட்டுறவில் அன்னை வேலை செய்த நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்த வேலையை நகரிக்கு மட்டும் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெட்டியில் ஒரு நோட்டும் ஓர் அங்குல நாடாவும் எடுத்துச் செல்லுங்கள். முதியவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் 'இதையெல்லாம் எதற்கப்பா கேட்கிறாய்?' என்று சிரிப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள். தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள்.

வடகடலின் சிறு தீவுகளில், குளிரில் நடந்து நடந்து பின்னிய ஏழைப் பெண்களின் கைவேலைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஓர் இடம் தந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் அதற்குக் குறைந்த வேலை செய்தவர்கள் அல்லர். குறை, எழுதி வைக்க ஆள் இல்லாததே. படித்த பிள்ளைகள் நாம் இருக்கிறோம். எழுதத் தெரிந்தவன் எழுதாமல் விட்டால், நெய்யத் தெரிந்தவர் எப்படி நிலைப்பார்? முதியோர் இன்று இருக்கிறார்கள். நாளையும் இருப்பார்கள் என்று எண்ணி இந்த விடுமுறையைக் கழித்துவிடலாகாது.